பழுதாகும் லெப்டொப் டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பது: முழுமையான வழிகாட்டி

பழுதாகத் தொடங்கிய ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணிநேர ஓட்டம் மிச்சமிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கலாம், அடுத்த தரம் கரண்ட் கொடுத்ததும் நின்றும் போகலாம். அந்த மிச்ச ஓட்டத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் மீட்பு வேலை முழுவதும் இருக்கிறது. விண்டோஸ் எழும்புகிறதா என்று பார்க்க நாலு தரம், வைரஸ் ஸ்கேனுக்கு ஒரு தரம், பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்க்க இரண்டு தரம் என்று ஓட்டிவிட்டு, கடைசியில் மேசைக்கு வரும் டிஸ்க்குகள்தான் அதிகம்.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் திருத்தும் கடை வைத்திருப்பவர்களுக்கும், லினக்ஸ் பென் ட்ரைவ் ஒன்றிலிருந்து கணினியை எழுப்பத் தெரிந்த பாவனையாளர்களுக்குமாக இதை எழுதுகிறோம். கொழும்புக்கு அனுப்பாமலே எதுவரை போகலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்ற இரண்டுமே இதில் இருக்கின்றன. இரண்டாவதுதான் முக்கியம்.

முதலில் நிறுத்துங்கள்

லெப்டொப் திடீரென்று மந்தமாகிறது. ஒரு கோப்புறையைத் திறக்க ஒரு நிமிடம் எடுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 வீதம் வேலை செய்வதாகக் காட்டும். வேகத்தைப் பார்த்தால் வினாடிக்குச் சில கிலோபைட்தான். மவுஸ் மட்டும் அசையும், மற்றதெல்லாம் உறைந்து நிற்கும். இப்படி இருந்தால் வைரஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டிஸ்க் ஒரு செக்டரை (தரவு எழுதப்படும் சிறு துண்டை) வாசிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசமான சத்தம் ஏதும் இல்லையென்றால் வழமைபோல் ஷட் டவுன் கொடுக்கலாம். இரண்டு நிமிடத்தில் அணையாவிட்டால், அல்லது டிக் டிக் என்று கேட்டால், பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை எழுப்பவே வேண்டாம். ஒழுங்காக எழும்ப முடியாத விண்டோஸ், யாரும் கேளாமலே தானியங்கித் திருத்தத்துக்குள் போகும். அதற்குள் செக்டிஸ்க்கும் ஓடக்கூடும்.

செக்டிஸ்க் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது. அது உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதற்கான கருவி அல்ல. கோப்பு முறைமையின் கணக்கு வழக்கு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாததை வெட்டி எறிந்து கணக்கை நேராக்குவதுதான் அதன் வேலை. நல்ல டிஸ்க்கில் அது சரி. வாசிக்க முடியாத டிஸ்க்கிலோ, வாசிக்க முடியாத பதிவையும் ‘பிழை’ என்று எடுத்துக்கொண்டு வெட்டும். வெட்டியதை டிஸ்க்கிலேயே எழுதியும் விடும். டிஃப்ராக், போர்மட், விண்டோஸை மேலே மறுபடி போடுவது எல்லாம் இதே கணக்குத்தான்.

ஃபிரிஜ்ஜில் வைத்து எடுக்கும் பழைய வித்தையையும் மறந்துவிடுங்கள். பெரும்பாலான 2.5 அங்குல டிஸ்க்கின் மூடியில் காற்றுக்காக ஒரு சிறு துளை இருக்கும். பக்கத்தில் ‘மூடாதே’ என்று எழுதியிருக்கும். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து, தரவு எழுதப்பட்டிருக்கும் தட்டில் நீர் படியும். இதற்கு ஃபிரிஜ் கூடத் தேவையில்லை. மார்கழி, தை மாதத்து நுவரெலியாக் குளிரில் இரவு முழுக்க வேனுக்குள் கிடந்த லெப்டொப்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே போட்டாலும் இதே ஆபத்துத்தான். பையைத் திறக்காமலே இரண்டு மூன்று மணிநேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு எடுங்கள்.

மலை உயரத்தால்தான் டிஸ்க் பழுதாகிறது என்று சொல்வாரும் உண்டு. தட்டை வாசிக்கும் முனையான ஹெட், தட்டுக்கு மேல் காற்றுப் படலத்தில் மிதப்பது உண்மை. உயரம் கூடக் காற்று மெலிவதும் உண்மை. ஆனால் சாதாரண லெப்டொப் டிஸ்க்குகள் ஏறத்தாழ 3,000 மீற்றர் வரை இயங்குவதற்கென்றே செய்யப்படுகின்றன. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர்தான். இங்கே டிஸ்க்கைக் கொல்வது கரண்டும் இடியும் ஈரமும், ஓடிக்கொண்டிருக்கும் லெப்டொப்பை மடியில் வைத்தபடி வளைவுப் பாதையில் பஸ் ஏறுவதும்.

காதால் பார்ப்பது

எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) என்றால் சத்தமே இராது. அதற்குக் கீழே தனிப்பகுதி உண்டு. ஹார்ட் டிஸ்க் என்றால் கரண்ட் கொடுத்த முதல் பத்து வினாடி பேசிவிடும். ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதிலும் முனையை டிஸ்க்கின் ஓரத்திலும் வைத்துக் கேளுங்கள். ஒரே ஒரு தரம்தான். மூன்று பேருக்குக் கேட்க வைக்கவென்று மூன்று தரம் போட வேண்டாம்.

சீராகச் சுழன்று, ஹெட் இறங்கும் மெல்லிய ஒலியோடு அமைதியானால் நல்லது. டிஸ்க் அடையாளம் காட்டுகிறது, வாசிப்புத்தான் மந்தம் என்றால், பழுதான செக்டர்கள் அல்லது தளர்ந்துவரும் ஹெட். இதைக் கடையிலேயே செய்யலாம்.

டிக்… டிக்… டிக் என்று ஒரே தாளத்தில் அடித்துவிட்டுச் சுழற்சி நின்றால், பெரும்பாலும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பித் திரும்பிப் போகிறது. கரண்டை எடுத்துவிடுங்கள். மென்பொருளுக்கு இங்கே வேலை இல்லை.

மெல்லிய பீப் போல, முனகல் போல ஒரு ஒலி வந்து, சுழற்சியே தொடங்காவிட்டால், ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம் அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கலாம். உள்ளே ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. சுழல முடியாத மோட்டார்தான் அப்படிக் கத்துகிறது. ஓடும்போது விழுந்த லெப்டொப்பில் இது சாதாரணம். கையால் தட்டி, உலுக்கிச் சுழலவைக்கும் வித்தை ஹெட்டைக் கிழித்துவிடும்.

தகரத்தில் மணல் தேய்ப்பதுபோல் உரசல் கேட்டால், தட்டின் காந்தப் பூச்சு தூளாகிக்கொண்டிருக்கிறது. ஓடும் ஒவ்வொரு வினாடியும் கோப்புகள் போகின்றன.

முழு நிசப்தம் என்றால் போர்டைச் சந்தேகியுங்கள். முதலில் வேறு கேபிள், வேறு போர்ட். பிறகு மல்ட்டிமீற்றர். லெப்டொப் டிஸ்க்குக்கு 5 வோல்ட் ஒன்று மட்டும்தான் தேவை. அந்த 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஷோர்ட் காட்டினால், பவர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டி.வி.எஸ். டயோட் பலியாகியிருக்கலாம். இடி, ஜெனரேட்டர், தரமற்ற சார்ஜர் எதனாலும் ஏற்றம் வந்தால் தான் ஷோர்ட் ஆகிப் போர்டைக் காப்பதுதான் அதன் வேலை. ஷோர்ட்டானது அதுதான் என்று உறுதியானால் கழற்றியதும் பல டிஸ்க்குகள் சுழலும். ஆனால் இனி அதற்குக் காவல் இல்லை. நல்ல பவர் சப்ளையில் ஒரே ஒரு தரம், கொப்பி எடுக்க மட்டும் ஓட்டுங்கள்.

அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பது பழங்காலத்துக் கதை. இன்றைய போர்டில் அந்தத் தனி டிஸ்க்குக்கே உரிய அளவுத் திருத்தங்கள் ரொம் சிப்பில் இருக்கின்றன. பல மாடல்களில் அது எட்டுக் கால் உள்ள சிறு சிப். அதை ஹொட் எயார் கொண்டு பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். சிலவற்றில் அது பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும். அப்போது அதற்கான கருவி இல்லாமல் முடியாது.

கழற்றுவது

டிஸ்க்கைத் தொட முன் ஒரு கேள்வி: பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) இருக்கிறதா? மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைத்த புதிய விண்டோஸ் 11 லெப்டொப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் போடப்பட்டிருக்கலாம். மீட்புத் திறப்பு 48 இலக்கம். போனிலிருந்து அதே மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போனால் சாதனங்களின் பட்டியலில் கிடைக்கும். இதை வேலை தொடங்க முன் எடுத்துவைப்பது நல்லது. அது இல்லாமல் நூறு வீதம் கொப்பி எடுத்தாலும் கையில் மிஞ்சுவது இரைச்சல்தான்.

சார்ஜரை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, பெட்டரி கனெக்டரை முதலில் பிரித்துவிட்டு டிஸ்க்கை எடுங்கள். லேபிளைப் போனில் படம் பிடியுங்கள்: மாடல், சீரியல், ஃபேர்ம்வெயார், திகதி. பிறகு எல்லாவற்றுக்கும் அந்தப் படம் தேவைப்படும். எம்.2 அட்டை (சிறு அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.) என்றால் அதன் இணைப்பு வகை சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று பாருங்கள். உருவம் ஒன்று, அடப்டர் வேறு. விலை குறைந்த சில சிறு லெப்டொப்புகளில் சேமிப்பு போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். 2018 முதல் டி2 சிப்போடு வந்த மெக்புக், எம் வரிசை மெக்புக் இரண்டிலும் சேமிப்பு அந்தப் போர்டோடு பூட்டப்பட்டது. இவற்றில் போர்டை உயிர்ப்பிப்பதுதான் தரவு மீட்பு. டிஸ்க் என்று தனியாக எடுக்க ஒன்றும் இல்லை.

மேசையில் என்ன வேண்டும்

நேரடி சாட்டா போர்ட் உள்ள ஒரு டெஸ்க்டொப். யூ.எஸ்.பி. அடப்டரிலும் செய்யலாம், ஆனால் கடைசித் தெரிவாகத்தான். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஏறத்தாழ 1 அம்பியர் இழுக்கும், யூ.எஸ்.பி. 2 போர்ட் தருவது 0.5, யூ.எஸ்.பி. 3 தருவது 0.9. தளர்ந்த டிஸ்க் அதற்குள் நின்று நின்று எழும்பும், டிக் சத்தமும் போடும். ஹெட் போய்விட்டது என்று கைவிடப்படும் சில டிஸ்க்குகளுக்கு நல்ல பவர் கொடுத்தால் போதும். அதோடு, பழுதான செக்டரில் டிஸ்க் தாமதிக்கும்போது பல அடப்டர்கள் தொடர்பையே அறுத்துவிடும்.

கொப்பியை வாங்க, பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய, நல்ல நிலையிலுள்ள டிஸ்க் ஒன்று. 1 டி.பி.க்கு 2 டி.பி. வைத்துக்கொண்டால் மீட்ட கோப்புகளுக்கும் இடம் இருக்கும். அதன் கோப்பு முறைமை ஃபெட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜி.பி.யில் கோப்பு நின்றுவிடும். லினக்ஸ் லைவ் பென் ட்ரைவ் ஒன்று, அதில் தானாக மவுண்ட் ஆவதை நிறுத்திவைத்து. டிஸ்க்கின் மேல் காற்றடிக்க ஒரு சிறு விசிறி. டெஸ்க்டொப்புக்கு யூ.பி.எஸ். கட்டாயம். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானம் தாண்டினால் இடி முழங்கும். அந்த மாதங்களில் நீண்ட வேலையை விடியற்காலையில் தொடங்குவது புத்தி. இடி நெருங்கினால் வேலையை நிறுத்தி பிளக்கையே கழற்றுங்கள். இடைநிறுத்துவதால் ஒன்றும் நட்டமில்லை, காரணம் பின்னால் வரும்.

ஸ்மார்ட் எண்கள்

இணைத்ததும் ஸ்மார்ட் அட்டவணையை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்கள்) ஒரு தரம் எடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். பார்க்க வேண்டியவை: 5 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), 187 (திருத்த முடியாத பிழைகள்), 197 (வாசிக்க முடியாமல் காத்திருப்பவை), 198 (திருத்த முடியாத செக்டர்கள்), 199 (இணைப்பு வழியில் வரும் பிழைகள்). 5 கூடியும் 197 சுழியமாகவும் இருந்தால் பழைய காயம், இப்போதைக்கு ஆறியிருக்கிறது. 197 நூற்றுக்கணக்கில் போய், அடுத்த தரம் பார்க்க இன்னும் கூடியிருந்தால் தட்டோ ஹெட்டோ இப்போதே தேய்கிறது. 199 மட்டும் ஏறினால் மகிழுங்கள், பெரும்பாலும் கேபிள்.

விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ கொண்டு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது மூல எண்களை இயல்பாகப் பதினாறின் அடியில் காட்டும். அங்கே 64 என்று இருந்தால் உண்மையில் 100. எண் முறையை மாற்றிவிட்டுப் பாருங்கள். ‘நன்று’ என்ற நீல நிறத்தையும் நம்ப வேண்டாம். ஸ்மார்ட் நல்லது என்று சொல்லியபடியே சாகும் டிஸ்க்குகள் நிறைய. நீண்ட சுயபரிசோதனையை ஓட்டவே வேண்டாம். அது முழு டிஸ்க்கையும் வாசித்து முடிக்கும், உங்களுக்கு ஒரு பைட்டும் தராது.

கொப்பி எடுப்பது: வேலையின் இதயம்

கோப்புகளை இழுத்துப் போடுவதற்கு முன், டிஸ்க்கைச் செக்டர் செக்டராக இன்னொரு இடத்துக்கு எடுக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் கொப்பி செய்தால் டிஸ்க்கின் ஹெட் நூறு இடத்துக்குத் தாவும்; ஒரு பழுதில் மாட்டினால் முழுவதும் நிற்கும்; எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கும் இராது. இதற்கான இலவசக் கருவி குனூ டிடி-ரெஸ்கியூ. ஒத்த பெயரில் வேறொரு பழைய நிரலும் இருக்கிறது. குனூவின் நிரல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக வாசித்துவிட்டு, பிழை வந்த இடத்தைத் தாண்டிப்போய், பிறகுதான் ஓரங்களைச் செதுக்கி, கடைசியாகச் சுரண்டத் தொடங்கும். டிஸ்க் நடுவில் செத்தாலும் எளிதாக வரக்கூடியது எல்லாம் அதற்குள் வந்திருக்கும்.

1. எந்தச் சாதனம் எது என்பதைச் சீரியல் எண் கொண்டு உறுதிசெய்யுங்கள். அளவைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். கட்டளையில் முதலில் மூலம், அடுத்து இலக்கு, மூன்றாவது வரைபடக் கோப்பு. மூலமும் இலக்கும் மாறினால் வெற்று டிஸ்க் வாடிக்கையாளரின் டிஸ்க் மேல் எழுதப்படும். அதற்குப் பரிகாரம் கிடையாது.

2. வரைபடக் கோப்பை ஒருபோதும் விடாதீர்கள். எந்தச் செக்டர் வந்தது, எது மிச்சம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. கரண்ட் போனால், இடிக்காக நிறுத்தினால், டிஸ்க் மயங்கி விழுந்தால், அதே கட்டளையை அதே கோப்போடு மறுபடி கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். லைவ் பென் ட்ரைவ் ஓடும் நினைவகத்தில் அதை வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் போகும். கொப்பியைக் கோப்பாக எடுத்தால் இலக்கு டிஸ்க்கில் வையுங்கள்; நேரே டிஸ்க்குக்கே எழுதினால் வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.

3. முதல் ஓட்டத்தில் சிறிய எழுத்து டி (நேரடி வாசிப்பு), சிறிய என் (சுரண்டல் வேண்டாம்) என்ற இரண்டு தெரிவுகளும் போதும். கோப்பாக அல்லாமல் நேரே இன்னொரு டிஸ்க்குக்கு எழுதினால் சிறிய எஃப்பும் வேண்டும். எழுத்தின் அளவில் கவனம்: சிறிய ஆர் என்றால் மறுமுயற்சி, பெரிய ஆர் என்றால் பின்னாலிருந்து வாசிப்பது. சிறிய ஏ என்றால் குறைந்தபட்ச வேகம், பெரிய ஏ என்றால் தாண்டிவந்த பகுதிகளைப் புதிதாக எடுத்துக்கொள்வது.

4. வேகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வினாடிக்கு 100 எம்.பி. வந்தால் 1 டி.பி. மூன்று மணிநேரத்துக்குள் முடியும். 1 எம்.பி. ஆக விழுந்தால் பதினொன்றரை நாள். அவ்வளவு நாள் அந்த டிஸ்க் தாங்காது. மந்தமான பகுதியைத் தாண்டும்படி சிறிய ஏ கொடுத்து, முதலில் வேகமான பகுதிகளை அள்ளுங்கள்.

5. பிழை எண்ணிக்கை கண் மூடித் திறப்பதற்குள் ஜிகாபைட் கணக்கில் எகிறினால் டிஸ்க் அவ்வளவு பழுதென்று எண்ணிவிட வேண்டாம். அது இணைப்பிலிருந்தே விழுந்துவிட்டது. கருவி வெறும் காற்றை வாசித்துப் பிழை பிழை என்று குறித்துக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி, டிஸ்க்கின் பவரைக் கழற்றி, ஆறவிட்டு, மறுபடி கொடுங்கள். பிறகு பெரிய ஏ தெரிவோடு தொடங்கினால் வீணாகக் குறிக்கப்பட்டவை மறுபடி கணக்கில் வரும்.

6. முதல் ஓட்டம் முடிந்ததும் சுரண்டல், அதற்கும் பிறகுதான் ஒன்றோ மூன்றோ மறுமுயற்சி. இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 99.9 வீதம் வந்துவிட்டது, மிச்சத்தில் கேட்ட கோப்புகள் இல்லை என்றால் சுரண்டத் தேவையே இல்லை. டிஸ்க்கின் வெப்பம் 50 பாகையைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

வரைபடக் கோப்பை டிடி-ரெஸ்கியூ வியூ என்ற சிறு நிரலில் திறந்தால் டிஸ்க்கின் நிலை படமாகத் தெரியும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளிகள் என்றால் சாதாரணப் பழுது. பாயில் இழை ஓடுவதுபோல ஒரே இடைவெளியில் பட்டை பட்டையாக டிஸ்க் முழுக்கப் பழுது விழுந்திருந்தால், பல ஹெட்களில் ஒன்று செத்துவிட்டது. அந்த ஹெட்டின் பக்கத்தை எத்தனை தரம் முயன்றாலும் வாசிக்க முடியாது. முயல முயலத் தட்டுத்தான் கீறும். மற்ற ஹெட்களில் வந்ததை வைத்துக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள். இந்தப் படத்தைப் பார்த்து நிறுத்தத் தெரிந்தவரைத்தான் இந்தத் தொழிலில் நம்பலாம்.

முழு டிஸ்க்கும் வேண்டாம், பாவித்த பகுதி மட்டும் போதும் என்றால் வழி உண்டு. டிடிஆர்-யூட்டிலிட்டி என்ற தொகுதி, விண்டோஸின் கோப்பு முறைமையான என்.டி.எஃப்.எஸ்.இன் ஒதுக்கீட்டுப் பட்டியலை வாசித்து, பாவனையில் உள்ள செக்டர்களின் வரைபடத்தைத் தரும்; டிடி-ரெஸ்கியூ அதற்குள் மட்டும் வாசிக்கும். 1 டி.பி. டிஸ்க்கில் 180 ஜி.பி.தான் நிரம்பியிருந்தால் ஓட்டம் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. பிட்லொக்கர் போட்ட டிஸ்க்கில் இது பலிக்காது. பட்டியலே குறியாக்கத்துக்குள் இருக்கிறது. எச்.டி.டி. சூப்பர்குளோன் இன்னும் நுணுக்கமான கருவி. பழகக் காலம் எடுக்கும், ஆனால் அடிக்கடி இந்த வேலை செய்யும் கடைக்கு அது தகும்.

கொப்பியிலிருந்து கோப்புகள்

இனி மூல டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மிச்ச வேலையெல்லாம் கொப்பியில், அதுவும் வாசிக்க மட்டும் என்ற நிலையில்.

டி.எம்.டி.இ., ஆர்-ஸ்டூடியோ, யூ.எஃப்.எஸ். எக்ஸ்ப்ளோரர் என்ற மீட்பு நிரல்கள் மூன்றில் எதுவும் சரி. கொப்பியைத் திறந்து, பகுதியைக் கண்டு, பெயரும் கோப்புறை அமைப்பும் அப்படியே இருக்கிறதா பாருங்கள். பகுதி அட்டவணை மட்டும் அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் போதும். போட்டோரெக் கடைசி ஆயுதம்: கோப்பின் தலை வடிவத்தை வைத்துத் தேடி எடுக்கும், ஆனால் பெயர் போய்விடும், கோப்புறை போய்விடும், துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய வீடியோ பெரும்பாலும் ஓடாது. ஸ்டூடியோக்காரரின் கலியாண வீடியோவுக்கு அதை முதலில் ஓட்டுவது பாவம்.

எந்தக் கோப்பு உண்மையில் முழுமை என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல உத்தி: டிடி-ரெஸ்கியூவின் நிரப்பும் முறையில், வாசிக்க முடியாத இடங்களில் எங்கும் வராத ஒரு சொல்லை எழுதிவிடுங்கள். மீட்டெடுத்த கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் வருவதெல்லாம் ஓட்டையுள்ள கோப்புகள். அந்தப் பட்டியலோடு வாடிக்கையாளரிடம் பேசுவது எவ்வளவோ மேல். இதைக் கொப்பி முழுமையாக முடிந்த பிறகு, வரைபடக் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாடசாலை வினாத்தாள்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கக் கடிதங்கள் என்று பல வருடத்துக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்தக் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்துக் குறியீடு அல்ல. ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும்தான். மீட்ட கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதைப் பார்த்து ‘கோப்பு பழுது’ என்று அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். சோதிக்கும் கணினியில் முதலில் பாமினியைப் போடுங்கள். உள்ளடக்கத்தில் சொல் தேடும்போதும் பாமினி விசைகளின்படிதான் தேட வேண்டும். யூனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. வாடிக்கையாளரின் டிஸ்க்கில் எழுத்துருக்களின் கோப்புறை இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொடுங்கள்.

எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் முன்னறிவிப்புத் தராது. நேற்று இருந்தது, இன்று பயோஸில் இல்லை. சில, சாகும் முன் வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும். அப்போது உடனே கொப்பி எடுங்கள், அந்த வாய்ப்பு மறுபடி வராமல் போகலாம். டிஸ்க்கின் பெயர் ‘சாட்டாஃபேர்ம் எஸ்11’ என்று மாறித் தெரிந்தால், ஃபைசன் எஸ்11 கன்ட்ரோலர் தன் ஃபேர்ம்வெயாரைத் திறக்க முடியாமல் நிற்கிறது. இணையத்தில் கிடைக்கும் ‘திருத்தும் கருவி’ அதைப் புதிதாக்கும், தரவையும் துடைத்துவிடும். தரவு வேண்டுமென்றால் பி.சி.-3000 போன்ற கருவி உள்ள இடத்துக்கு அப்படியே போக வேண்டும்.

தவறுதலாக அழித்த கோப்பு எஸ்.எஸ்.டி.யில் என்றால் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அழித்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் கட்டளைக்குப் பிறகு அந்த இடம் பெரும்பாலும் வெறும் சுழியமாகத்தான் வாசிக்கும்.

எப்போது அனுப்ப வேண்டும், எப்படி

டிக் சத்தம், பீப், உரசல், பட்டை பட்டையான வரைபடம், தண்ணீர். இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். ஹெட் தட்டுக்கு மேல் பறப்பது சில நானோமீற்றர் உயரத்தில். சிகரெட் புகையின் ஒரு துகள் அதைவிடப் பலமடங்கு பெரியது. ஹெட் மாற்றும் வேலை வடிகட்டிய காற்று ஓடும் மேசையில், ஹெட்கள் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்துப் பிடிக்கும் சீப்புகளோடு செய்யப்படுகிறது. அதற்கு மாடல், ஃபேர்ம்வெயார், தயாரித்த இடம், திகதி பொருந்தும் தானம் செய்யும் டிஸ்க் ஒன்றும் வேண்டும். பலமுறை பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்துக்கு வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. அப்படிச் சேற்றில் கிடந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் ட்ரையரும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். காய்ந்தால் சேற்றின் உப்பும் களியும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சேற்றை மட்டும் துடைத்து, ஈரத்துணியோடு ஸிப்லொக் பையில் மூடி, கரண்டே கொடுக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்புங்கள்.

ஈரமில்லாத டிஸ்க் என்றால், மதர்போர்டு வரும் ஆன்டிஸ்டட்டிக் பையில் போட்டு, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீற்றர் பஞ்சு அல்லது பபிள் ராப் வைத்து, உலுக்கினால் அசையாத அளவு பெட்டியில் இறுக்குங்கள். பத்திரிகைத் தாளைக் கசக்கிப் போட்டால் கினிகத்தேனை வளைவுகள் தாண்டி அவிசாவளை போவதற்குள் அது அமுங்கிவிடும். யாராவது கையில் கொண்டுபோவதே மேல். பஸ்ஸின் பின்சீட்டிலும் மேல்தட்டிலும் வைக்காமல் மடியில் வையுங்கள். ரயில் என்றால் இன்னும் நல்லது. லெப்டொப்பையும் சார்ஜரையும் அனுப்பத் தேவையில்லை, சேமிப்பு போர்டோடு ஒட்டியிருந்தால் ஒழிய. பிட்லொக்கர் திறப்பைப் பெட்டியில் ஒட்டாமல் வேறு வழியில் கொடுங்கள். எந்தக் கோப்புறை முக்கியம் என்று எழுதிக்கொடுங்கள்: ‘டெஸ்க்டொப்பில் 2024 சந்தாக் கணக்கு, டி ட்ரைவில் கலியாணப் படங்கள்’ என்ற அளவு துல்லியமாக. தளர்ந்த ஹெட்டோடு வேலை செய்பவர் அவற்றை முதலில் எடுப்பார்.

டிஸ்க்கைக் கையில் கொடுக்க முன் கேளுங்கள்: பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டா, தரவு வராவிட்டால் எவ்வளவு, மூடியைத் திறப்பதற்கு முன் கேட்பீர்களா, பணம் கட்டுமுன் கோப்புப் பட்டியல் காட்டுவீர்களா, பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா. டிஸ்க்கைப் பார்க்காமலே போனில் ‘நூறு வீதம் எடுக்கலாம்’ என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். முன்பு என்னென்ன செய்தீர்கள் என்பதை நீங்களும் மறைக்காதீர்கள். செக்டிஸ்க் ஓடியதா, எத்தனை தரம் கரண்ட் கொடுத்தீர்கள், மூடியின் திருகாணியைத் தொட்டீர்களா என்பது அவருக்கு ஸ்மார்ட் எண்களைவிடப் பயன்படும்.

ஒப்படைப்பது

மீட்டதை வேறொரு புதிய டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளரை மேசையில் இருத்தி, அவர் கையாலேயே பத்துப் பதினைந்து கோப்பைத் திறக்கவிடுங்கள். படங்களின் சிறு உருவம் தெரிவதால் மட்டும் திருப்திப்படக் கூடாது. சிறு உருவம் கோப்பின் தலையில் தனியாக இருக்கும், முழுப் படம் பாதியில் சாம்பல் நிறமாக நிற்கலாம். வீடியோவின் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். எக்செல்லை விரிதாள் விரிதாளாகப் பாருங்கள். 0 பைட் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடுங்கள்.

இரண்டாவது பிரதியை அதே அலுமாரியில் வைக்கச் சொல்லாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும் தோட்டத்தில் இருப்பவர் என்றால், டவுனில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஒன்று இருக்கட்டும். கடையில் எடுத்த கொப்பியை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். இரண்டு கிழமை போதும், பிறகு அழித்துவிட்டு அழித்ததைச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை மட்டும் ஒரு மாதமாவது எறியவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். இல்லாமல்போன அந்த ஒரு கோப்பு நினைவுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது கிழமையில்தான்.